ரெண்டு கஜம் பின்னாடி போனதுக்கு ரெண்டு ஸ்ட்ரோக்: 2013 மாஸ்டர்ஸ்ல டைகர் வுட்ஸ் போட்ட டிராப்

கோல்ஃப் லீக் ஆட்டத்துல குளத்துக்குள்ள பந்து போயிடுச்சுன்னா பாதிப்பேர் என்ன பண்றாங்கன்னா, பையிலேர்ந்து இன்னொரு பந்தை எடுத்து, கரையோரமா தரை சமமா இருக்கிற இடமா பாத்து போட்டுட்டு, "கொஞ்சம் பின்னாடிதான் போட்டிருக்கேன், நஷ்டம் எனக்குத்தானே"ன்னு சொல்லி அடிச்சுட்டுப் போயிட்டே இருக்காங்க. கூட ஆடுறவரும் தலையாட்டிடுவாரு, அடுத்த ஹோல்ல அவருக்கும் இதே கதி வரலாம்ல. பின்னாடி போனா தப்பே இல்லைங்கற நினைப்பு கோல்ஃப் ஆடுறவங்க மனசுல அப்படி ஊறிப்போச்சு. அப்போ உலக நம்பர் ஒன்னா இருந்த ஆளுக்கே அது ரெண்டு ஸ்ட்ரோக் தண்டம் (ஸ்கோர்ல ரெண்டு அடி கூடுதல்) வாங்கிக் குடுத்துச்சு, போட்டியை விட்டே வெளிய அனுப்பப் பாத்துச்சு. 2013 மாஸ்டர்ஸ்ங்கற பெரிய போட்டி, பதினஞ்சாவது ஹோல், டைகர் வுட்ஸ். பொழுதுபோக்குக்கு லீக் ஆடுறவங்களுக்கு பெனால்ட்டி ரூல்ஸ் புரியவைக்க நான் எப்பவும் எடுக்கிற கேஸ் இதுதான், ஏன்னா இதுல நடந்த எல்லா தப்பும் வார இறுதி ஆட்டத்துல சர்வ சாதாரணமா நடக்கிற தப்பு.

நடந்தது என்ன

2013 ஏப்ரல் 12, வெள்ளிக்கிழமை, அமெரிக்காவுல ஜார்ஜியா மாநிலம், அகஸ்டா நேஷனல் கிளப், ரெண்டாவது ரவுண்டு. டைகர் அஞ்சு அண்டர்ல (பார்ங்கற இலக்கு எண்ணிக்கையைவிட அஞ்சு அடி குறைவா), முன்னணியில நிக்கிறாரு. பதினஞ்சாவது ஹோல் பார் 5, அன்னிக்கு நீளம் 530 கஜம், கிரீனுக்கு (ஹோலைச் சுத்தி இருக்கிற புல்தரை) முன்னாடி ஒரு குளம், குளத்துக்கும் கிரீனுக்கும் நடுவுல இருக்கிற சரிவுல புல்லை ஒட்ட வெட்டி வெச்சிருப்பாங்க, அதனால கொஞ்சம் குறைவா விழுந்த பந்து கூட அப்படியே வழுக்கிட்டு தண்ணிக்குள்ள போயிடும். டைகர் ரெண்டாவது ஷாட்டை குளத்துக்கு இந்தப்பக்கமே நிறுத்திட்டு, மூணாவதை வெட்ஜால (கிட்ட தூரத்துக்கு உயரமா அடிக்கிற கிளப்) அடிக்கிறாரு, கிட்டத்தட்ட 87 கஜம். ஷாட் அவ்ளோ துல்லியம், நேரா கொடிக்கம்புலயே போய் மோதுது. மோதின வேகத்துல பந்து திரும்பி, பக்கவாட்டுல சாஞ்சு, கிரீனை விட்டு உருண்டு குளத்துல விழுந்துடுச்சு. கம்பு மட்டும் இல்லேன்னா அது பர்டி (பாரைவிட ஒண்ணு குறைவு) வாய்ப்பு. கோல்ஃப்ல இந்த மாதிரி அநியாயம் அப்பப்ப நடக்கும், ரூல்ஸ் புத்தகத்துல பரிதாபத்துக்குன்னு தனி பிரிவு கிடையாது.

கிரீனுக்கு வெளிய இருந்து அடிச்ச பந்து கொடிக்கம்புல பட்டா தண்டம் கிடையாது, அப்பவும் கிடையாது இப்பவும் கிடையாது. தண்ணிக்குள்ள போனதுக்கு மட்டும் ஒரு ஸ்ட்ரோக். டைகர் குளத்தோரம் வரைக்கும் போய் பாத்தாரு, டிராப் போட (பந்தைக் கையால கீழ விட்டு மறுபடி ஆட்டத்துக்குக் கொண்டுவர) குறிச்சு வெச்சிருந்த இடம் ஈரமா இருந்தது அவருக்குப் பிடிக்கல, திரும்ப முன்னாடி அடிச்ச இடத்துக்கே வந்து டிராப் போட்டு அடிச்சாரு. இந்த தடவை பந்து ஹோலுக்குப் பக்கத்துல நின்னுச்சு, ஒரே பட்ல (கிரீன்ல பந்தை உருட்டி விடுற அடி) முடிச்சாரு. கணக்கு பாருங்க: மூணு ஷாட், ஒரு பெனால்ட்டி, அப்புறம் ஒரு ஷாட், ஒரு பட், மொத்தம் 6, அதாவது போகி, பாரைவிட ஒண்ணு கூட. ரவுண்டு முடிஞ்சு 71ன்னு ஸ்கோர் கார்டுல கையெழுத்து போட்டுட்டு கிளம்பிட்டாரு.

அதுக்கப்புறம்தான் வம்பு. டிவி பேட்டியில அந்த டிராப் பத்தி கேட்டப்ப அவரே வெள்ளந்தியா சொன்னாரு, முன்னாடி அடிச்ச இடத்துலேர்ந்து ரெண்டு கஜம் பின்னாடி போய் போட்டேன், அப்பதான் அதே மாதிரி அடிச்சா மறுபடி கம்புல மோதாம கொஞ்சம் குறைவா விழும்னு. ரூல்ஸ் தெரிஞ்சவங்களுக்கு அந்த ஒரு வாக்கியமே போதுமானதா இருந்துச்சு.

இதுக்கு முன்னாடியே இன்னொரு விஷயம் நடந்திருக்கு. டைகர் இன்னும் பதினெட்டாவது ஹோல்ல ஆடிட்டு இருக்கும்போதே, டிவியில மேட்ச் பாத்துட்டு இருந்த ஒருத்தர் போன் போட்டு இந்த டிராப் சரியில்லையேன்னு சொல்லிட்டாரு. அது யாருன்னு பின்னாடி தெரிஞ்சுது, டேவிட் ஈகர்னு முன்னாள் ரூல்ஸ் அதிகாரி, சீனியர் டூர்லயும் ஆடினவரு. போட்டிக் கமிட்டி வீடியோவைப் பாத்துட்டு தப்பு ஒண்ணும் இல்லேன்னு முடிவு பண்ணிடுச்சு. டைகர்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. பேட்டி வெளிய வந்ததும் திரும்ப ஃபைலைத் திறந்து, சனிக்கிழமை காலையில அவரைக் கூப்பிட்டுப் பேசி, தப்பான இடத்துலேர்ந்து ஆடினதுக்கு ரெண்டு ஸ்ட்ரோக் போட்டாங்க. 6 இருந்த இடத்துல 8, 71 இருந்த இடத்துல 73. முன்னணியில இருந்த ஜேசன் டேவுக்கு மூணு ஸ்ட்ரோக் பின்னாடி இருந்தவரு அஞ்சு பின்னாடி போயிட்டாரு.

ரெண்டு வழியை கலந்தடிச்ச கதை

அன்னிக்கு ரூல்படி அவருக்கு இருந்தது மூணு வழி. ஒண்ணு, குறிச்சு வெச்ச டிராப் இடம். ரெண்டாவது, முன்னாடி அடிச்ச இடத்துக்கு எவ்ளோ கிட்ட முடியுமோ அவ்ளோ கிட்ட. மூணாவது, பந்து கடைசியா தண்ணி எல்லையை எங்க தாண்டுச்சோ அந்த புள்ளியையும் ஹோலையும் சேத்து ஒரு நேர்கோடு இழுத்து, அந்த கோட்டுல பின்னாடி எவ்ளோ தூரம் வேணும்னாலும் போறது.

டைகர் மூளையில ரெண்டாவதும் மூணாவதும் ஒண்ணா கலந்துடுச்சு. முன்னாடி அடிச்ச இடத்துக்கு வந்தாரு, ஆனா அங்கேர்ந்து "பின்னாடி போகலாம்"ங்கற சலுகையை மூணாவது வழியிலேர்ந்து கடன் வாங்கிட்டாரு. அந்த சலுகை கோட்டுக்கு மட்டும்தான் சொந்தம். இங்க கோடு வேற இடத்துல இருந்துச்சுங்கறதுதான் முக்கியம்: பந்து போகும்போது குளத்தைத் தாண்டிட்டுதான் போச்சு, தண்ணிக்குள்ள போனது கம்புல மோதி சைடுல திரும்பி வந்தப்ப. அப்போ கடைசியா எல்லையைத் தாண்டின புள்ளி கிரீன் பக்கத்து கரையில, அவர் அடிச்ச திசையிலேர்ந்து விலகின ஒரு இடத்துல இருக்கு. அந்த புள்ளியையும் ஹோலையும் சேத்து கோடு இழுத்து குளத்துக்கு இந்தப்பக்கம் கொண்டுவந்தா அது அவர் நின்ன இடத்துல வந்து முடியாது. நிறையப் பேர் "பந்து பறந்து போன கோட்டுல பின்னாடி போகலாம்"னு நினைச்சுட்டு இருக்காங்க. கோடு பந்து பறந்த பாதை கிடையாது, ஹோலும் எல்லை தாண்டின புள்ளியும்தான் கோடு. இதை மட்டும் சரியா புரிஞ்சுக்கிட்டா லீக்ல தண்ணி சம்பந்தமா வர்ற சண்டையில பாதி அடங்கிடும்.

இப்போ அந்த "நஷ்டம் எனக்குத்தானே" வாதத்துக்கு வருவோம். பின்னாடி போனா தூரம் கூடுது, தூரம் கூடினா கஷ்டம், அப்புறம் எதுக்கு தண்டம்னு கேக்கறது கேக்க நியாயமா இருக்கும். ஆனா வெட்ஜ் ஷாட்ல தூரம் கூடுறது சில நேரம் லாபம். பாதி ஸ்விங்ல அடக்கி அடிக்க வேண்டிய இடத்துலேர்ந்து பத்து கஜம் பின்னாடி போனா முழு ஸ்விங் கிடைக்கும், முழு ஸ்விங்கைத்தான் நம்பி அடிக்க முடியும். டைகர் போனதும் லாபத்துக்குத்தான், அவரே சொன்னாரு. முதல் ஷாட் கம்புல மோதுற அளவுக்கு சரியா இருந்துச்சு, அதே கிளப், அதே ஸ்விங், தூரத்தை மட்டும் ரெண்டு கஜம் மாத்திட்டா பந்து கம்புக்கு முன்னாடி விழும். இந்த மாதிரி நல்ல இடம் தேடிக்கிற சுதந்திரம் குடுத்தா டிராப்ங்கறது தண்டனையா இருக்காது, பரிசாயிடும். அதனாலதான் ரூல் லாப நஷ்டக் கணக்கெல்லாம் பாக்கறதே இல்ல, இடம் சரியா இல்லையா, அவ்ளோதான். அன்னிக்கு ரூல்படி ஒரு கஜம் முன்னாடின்னாலும் ரெண்டு ஸ்ட்ரோக், ஒரு கஜம் பின்னாடின்னாலும் ரெண்டு ஸ்ட்ரோக்.

வெளிய அனுப்பாம விட்டது சரியா

தப்பான இடத்துலேர்ந்து ஆடினா ரெண்டு ஸ்ட்ரோக், அதுல யாருக்கும் சந்தேகம் இல்ல. பெரிய சண்டை வந்தது கார்டுல. அன்னிக்கு இருந்த ரூல்படி ஒரு ஹோல்ல உண்மையா எடுத்ததைவிட குறைவா எழுதி கையெழுத்து போட்டா டிஸ்குவாலிஃபிகேஷன், தெரிஞ்சு எழுதினாலும் தெரியாம எழுதினாலும் ஒண்ணுதான். 8 வரவேண்டிய இடத்துல 6ன்னு கார்டு குடுத்தாச்சு, அப்போ ஆள் வெளிய போகணும்தானே? கமிட்டி 33-7ங்கற ரூலை எடுத்து அதை தள்ளுபடி பண்ணிடுச்சு. மூணு தடவை மாஸ்டர்ஸ் ஜெயிச்ச நிக் ஃபால்டோ உள்பட சிலபேர் டைகர் தானா விலகிடணும்னு டிவியில பேசினாங்க. நட்சத்திரம்ங்கறதால விட்டுட்டாங்கன்னு பேச்சு இன்னிக்கு வரைக்கும் இருக்கு.

என்னைக் கேட்டா கமிட்டி முடிவு சரிதான், ஆனா அவங்க தப்பாலதான் அந்த முடிவே தேவைப்பட்டுச்சு. கார்டு குடுக்கறதுக்கு முன்னாடியே அவங்களுக்கு தகவல் வந்தாச்சு, பாத்தாச்சு, தப்பில்லேன்னு தீர்ப்பும் சொல்லியாச்சு, ஆனா ஆடினவர்கிட்ட கேக்கவும் இல்ல சொல்லவும் இல்ல. அப்பவே "ஏன் சார் அங்க போட்டீங்க"ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தா அவர் உண்மையைச் சொல்லியிருப்பாரு, ரெண்டு ஸ்ட்ரோக் சேத்து 73ன்னு எழுதி கையெழுத்து போட்டிருப்பாரு, கதை முடிஞ்சிருக்கும். ரூல்ஸ் எழுதுற ரெண்டு அமைப்பும், யூஎஸ்ஜிஏவும் ஆர் அண்ட் ஏவும், மே மாசம் வெளியிட்ட அறிக்கையில இதைத்தான் சொன்னாங்க: ரூல் தெரியாதுங்கறது எந்தக் காலத்துலயும் சாக்கு ஆகாது, தள்ளுபடி குடுத்தது கமிட்டியோட முந்தைய தப்புத் தீர்ப்புக்காகத்தான்னு. டைகர் ஆடி முடிச்சு நாலாவது இடத்தை பகிர்ந்துக்கிட்டாரு, அஞ்சு அண்டர். பிளேஆஃப்ல (சமநிலையை முறிக்க ஆடுற கூடுதல் ஹோல்) ஆங்கெல் கப்ரேராவைத் தாண்டி ஜெயிச்ச ஆடம் ஸ்காட் ஒன்பது அண்டர்.

அதே வெள்ளிக்கிழமை, அதே மைதானத்துல, பதினாலு வயசு சீனப் பையன் குவான் தியான்லாங்குக்கு மெதுவா ஆடினதுக்கு ஒரு ஸ்ட்ரோக் போட்டாங்க. சின்னப்பையனுக்கு ஒரு நீதி, டைகருக்கு ஒரு நீதின்னு கோபப்பட்டவங்க உண்டு. எனக்கு அது ரெண்டும் வேற வேற விஷயம்னுதான் தோணுது, பையனை முன்கூட்டியே எச்சரிச்சுட்டுதான் போட்டாங்க, அப்படியும் அவன் கட் (கடைசி ரெண்டு ரவுண்டுக்குப் போக வேண்டிய ஸ்கோர் எல்லை) தாண்டி வார இறுதி ஆட்டத்துக்குப் போயிட்டான்.

இன்னிக்கு நடந்திருந்தா

2019 ஜனவரி 1லேர்ந்து ரூல்ஸ் புத்தகத்தை அடியோட மாத்தி எழுதிட்டாங்க, 34 ரூல் 24 ஆச்சு. குளம், ஓடைக்கெல்லாம் இருந்த வாட்டர் ஹசார்டுங்கற பேரே போய் பெனால்ட்டி ஏரியா ஆயிடுச்சு. "எவ்ளோ கிட்ட முடியுமோ அவ்ளோ கிட்ட"ங்கற குழப்பத்தையும் எடுத்துட்டாங்க. இப்போ முன்னாடி அடிச்ச இடத்துக்குத் திரும்பினா, அந்த இடத்துலேர்ந்து ஒரு கிளப் நீளம், ஹோலுக்கு கிட்ட போகாம, அதுக்குள்ள டிராப் போடலாம். முழங்கால் உயரத்துலேர்ந்து விடணும், பந்து அந்த எல்லைக்குள்ள விழுந்து அதுக்குள்ளயே நிக்கணும். உருண்டு வெளிய போச்சுன்னா இன்னொரு தடவை விடணும், அதுவும் போச்சுன்னா ரெண்டாவது தடவை தரையைத் தொட்ட இடத்துல கையால வெக்கணும்.

கிளப் நீளம்னா பையில இருக்கிறதுலயே நீளமான கிளப், பட் அடிக்கிற பட்டர் கிளப் மட்டும் சேராது. பெரும்பாலானவங்களுக்கு டிரைவர், சுமாரா 45 இன்ச். ரெண்டு கஜம்னா 72 இன்ச். அதனால டைகர் சொன்ன ரெண்டு கஜம் நிஜமாவே ரெண்டு கஜம்னா, இன்னிக்கு ரூல்படியும் அவர் எல்லைக்கு ரெண்டடிக்கு மேல வெளிய நிக்கிறாரு. இன்னிக்கும் அதே ரெண்டு ஸ்ட்ரோக்தான். ரூல் தளர்ந்துடுச்சுன்னு சந்தோஷப்படுறவங்க இந்தக் கணக்கை ஒருதடவை போட்டுப் பாக்கணும்.

மாறியிருக்கிறது கார்டு பக்கம். இப்போ தண்டம் இருக்குன்னே தெரியாம குறைவா எழுதிக் குடுத்திருந்தா வெளிய அனுப்ப மாட்டாங்க, அந்த தண்டத்தை சேத்துப்பாங்க, அவ்ளோதான். இந்த நிலைமைக்கு வர நடுவுல ஒரு பொண்ணு அழ வேண்டியிருந்துச்சு. 2017ல கலிஃபோர்னியாவுல ஏஎன்ஏ இன்ஸ்பிரேஷன் போட்டி, லெக்ஸி தாம்சன் சனிக்கிழமை பதினேழாவது கிரீன்ல ஒரு அடி தூர பட்டுக்கு பந்து இருந்த இடத்தை மார்க் பண்ணி எடுத்து திரும்ப வெச்சப்ப சுமார் ஒரு இன்ச் தள்ளி வெச்சுட்டாங்க, டிவி பாத்த யாரோ மறுநாள் ஈமெயில் அனுப்ப, ஞாயிறு ஆட்டத்துல ரெண்டு ஸ்ட்ரோக் முன்னணியில இருக்கும்போது பன்னெண்டாவது ஹோல் முடிஞ்சு நடந்து போற வழியில வந்து சொல்றாங்க: தப்பான இடத்துக்கு ரெண்டு, தப்பான கார்டுக்கு ரெண்டு, மொத்தம் நாலு ஸ்ட்ரோக். அப்படியும் பிளேஆஃப் வரைக்கும் போய் ரியூ சோ யோன்கிட்ட தோத்தாங்க. அந்தக் களேபரத்துக்கு அப்புறம்தான் கார்டுக்கான அந்த கூடுதல் ரெண்டு ஸ்ட்ரோக்கும், டிவி பாத்து புகார் அனுப்புறதை எடுத்துக்கறதும் 2018லேர்ந்து நின்னுச்சு.

லீக்ல நம்மளுக்கு டிவி கேமரா இல்ல, சரி. ஆனா கூட மூணு பேர் இருக்காங்க, அவங்க ஞாபகம் வீடியோவைவிட மோசமானது, சண்டை வந்தா நாலு பேரும் நாலு கதை சொல்வாங்க.

லீக் ஆட்டத்துல இது எப்படி வருது

முதல்ல தண்ணி எல்லையைக் காட்ட நட்டிருக்கிற குச்சியோட நிறம். மஞ்சள் குச்சி நட்டிருந்தா ரெண்டே வழி: முன்னாடி அடிச்ச இடம், இல்லேன்னா ஹோலும் எல்லை தாண்டின புள்ளியும் சேந்த கோட்டுல பின்னாடி. சிவப்புக் குச்சின்னா மூணாவதா, எல்லை தாண்டின புள்ளியிலேர்ந்து சைடுல ரெண்டு கிளப் நீளத்துக்குள்ள, ஹோலுக்கு கிட்ட போகாம. எல்லாத்துக்கும் ஒரே ஒரு ஸ்ட்ரோக். லீக்ல பாக்கிற பெரிய தப்பு மஞ்சள் குளத்துல சைடுல டிராப் போடுறது, அதுக்கு ரெண்டு ஸ்ட்ரோக் கூட போகும், அது ஹோலுக்கு ரொம்ப கிட்டன்னா இன்னும் பெரிய பிரச்சினை. கோட்டுல பின்னாடி போறவங்களுக்கு 2023ல ரூல் எளிசாச்சு: கோட்டு மேலயே பந்தை விடணும், அது தரையைத் தொட்ட இடத்துலேர்ந்து எந்தப் பக்கமும் ஒரு கிளப் நீளத்துக்குள்ள நின்னா ஆடலாம்.

பந்து தண்ணியிலதான் போச்சுன்னு உறுதியா தெரியணும், குறைஞ்சது 95 சதவீதம் நிச்சயம்னு ரூல் எதிர்பாக்குது. குளத்தைச் சுத்தி புதர் அடர்ந்திருக்கிற மைதானத்துல "தண்ணியிலதான் போயிருக்கும்"னு சும்மா சொல்லிட்டு டிராப் போட முடியாது, புதர்ல தொலைஞ்சிருக்கவும் வாய்ப்பிருந்தா அது தொலைஞ்ச பந்து, முன்னாடி அடிச்ச இடத்துக்கே நடக்கணும். தேட மூணு நிமிஷம்தான் டைம், பழைய அஞ்சு நிமிஷம் போயாச்சு. அவ்ளோ தூரம் திரும்ப நடக்கக்கூடாதுன்னா போறதுக்கு முன்னாடியே "புரொவிஷனல் அடிக்கிறேன்"னு வாயைத் திறந்து சொல்லிட்டு மாற்றுப் பந்தா இன்னொண்ணு அடிச்சு வெக்கணும். சொல்லாம அடிச்சா அதுதான் ஆட்டப் பந்து, முதல் பந்து ஃபேர்வே (கிரீன் வரைக்கும் போற வெட்டின புல்வெளி) நடுவுல கிடைச்சாலும் தொட முடியாது. இது ரொம்ப பேருக்கு நம்ப முடியாத ரூல், ஆனா அப்படித்தான். தொலைஞ்ச பந்துக்கும் அவுட் ஆஃப் பவுண்ட்ஸுக்கும் (மைதான எல்லைக்கு வெளிய போன பந்து) ரெண்டு ஸ்ட்ரோக் வாங்கிட்டு ஃபேர்வே ஓரத்துலேர்ந்து ஆடுற லோக்கல் ரூல் 2019லேர்ந்து இருக்கு, லீக்குக்கு அது வரப்பிரசாதம்னே சொல்லலாம், ஆனா கமிட்டி முன்கூட்டியே அறிவிச்சிருக்கணும், நாலு பேர் நடுவழியில ஒத்துக்கிட்டா அது ரூல் ஆகாது.

அப்புறம் அந்த டிவாட், அதாவது அடிக்கும்போது கிளப் புல்லோட மண்ணைப் பேத்த இடம். வீடியோவுல டைகரோட பழைய டிவாட் எங்க இருந்துச்சு, பந்து எங்க வெச்சாருன்னு அத்தனை பேர் படம் போட்டு அலசினாங்க. தண்ணிக்குள்ள அடிச்சதும் கோபத்துல கிளப்பை பையில சொருகிட்டு குளம் வரைக்கும் நடந்து போயிட்டு திரும்பி வந்தா, அந்த ஃபேர்வேயில நூறு பேரோட டிவாட் கிடக்கும், எது உங்களுதுன்னு சாமிக்கே தெரியாது. அடிச்ச உடனே அந்த மண் பேந்த இடத்துக்குப் பக்கத்துல ஒரு டீயை (பந்து வெக்கிற சின்னக் குச்சி) குத்திட்டுப் போங்க. டிராப் போடும்போது "நான் பழைய இடத்துக்கு வரேன்" இல்ல "கோட்டுல பின்னாடி போறேன்"னு மார்க்கர்கிட்ட (உங்க ஸ்கோரை எழுதுற கூட ஆடுறவர்) சத்தமா சொல்லிட்டு போடுங்க. சொல்லும்போதே ரெண்டு வழியும் கலந்திருந்தா அவருக்காவது பட்டுன்னு உறைக்கும்.

தப்பா போட்டுட்டோம்னு அடிக்கறதுக்கு முன்னாடி தெரிஞ்சா பந்தை எடுத்து சரியான இடத்துல திரும்ப போட்டுக்கலாம், அதுக்கு தண்டமே கிடையாது. புத்தகத்துல 14.5ன்னு இருக்கும். டைகர்கிட்ட அந்த நேரத்துல யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும், அவ்ளோதான் செலவு. லீக்ல இதைச் சொல்றதுக்கு கூச்சப்படுறாங்க, எதிராளி தப்பைப் பாத்துட்டு அடிக்கிற வரைக்கும் காத்திருந்து அப்புறம் சொல்றவங்களும் இருக்காங்க, அது ரூலுக்கு விரோதம் இல்லேன்னாலும் அவங்களோட டீ குடிக்க எனக்கு இஷ்டமில்ல.

என்ன பண்றதுன்னே தெரியலேன்னா ஸ்ட்ரோக் பிளேல (மொத்த அடி எண்ணிக்கை பாக்கிற ஆட்டம்) அருமையான ஒரு வசதி இருக்கு: ரெண்டு பந்து ஆடலாம். இந்தப் பந்தும் ஆடுறேன் அந்தப் பந்தும் ஆடுறேன், ரூல் அனுமதிச்சா இதைத்தான் எண்ணணும்னு மார்க்கர்கிட்ட முன்னாடியே சொல்லிட்டு, ரெண்டையும் முடிச்சுட்டு, கார்டு குடுக்கறதுக்கு முன்னாடி கமிட்டிகிட்ட சொல்லிடணும். ரெண்டு பந்துலயும் ஒரே ஸ்கோர் வந்தாலும் சொல்லணும், சொல்லலேன்னா டிஸ்குவாலிஃபை. மேட்ச் பிளேல (ஹோல் ஹோலா யார் ஜெயிச்சாங்கன்னு பாக்கிற ஆட்டம்) இது செல்லாது, அங்க தப்பான இடத்துலேர்ந்து ஆடினா ஸ்ட்ரோக் கணக்கே இல்ல, ஹோலே போச்சு.

பட் விஷயத்துல லீக்ல ஓடுற தாராளத்தை சொல்லாம விட முடியல. "எடுத்துக்கோங்க, அது உள்ளதான்"னு ரெண்டடி பட்டை குடுக்கறது மேட்ச் பிளேல முறையான விட்டுக்கொடுப்பு. ஸ்ட்ரோக் பிளேல யாருக்கும் அந்த உரிமை இல்ல, ஹோலுக்குள்ள போடாம அடுத்த ஹோலோட ஆரம்ப இடமான டீல அடிச்சுட்டா ஆள் அவுட். ஹோலுக்கு இவ்ளோன்னு புள்ளி குடுக்கிற ஸ்டேபிள்ஃபோர்டு, மேக்சிமம் ஸ்கோர் மாதிரி ஆட்டத்துல மட்டும் பந்தை எடுத்துட்டுப் போயிடலாம், ஸ்டேபிள்ஃபோர்டுன்னா அந்த ஹோல்ல பூஜ்யம், மேக்சிமம்னா உச்ச வரம்பு. லீக் நடத்துறவங்க இதுல ஒண்ணை வெச்சுட்டா பாதி பஞ்சாயத்து குறையும், ஆட்டமும் சீக்கிரம் முடியும்.

கார்டும் கமிட்டியும்

டைகர் கேஸ்ல கார்டு குறைவா போச்சு. அதே அகஸ்டாவுல கூடுதலா எழுதி மாட்டினவரு அர்ஜென்டினாவோட ராபர்ட்டோ டி விசென்ஸோ. 1968 ஏப்ரல் 14, அவரோட நாப்பத்தஞ்சாவது பிறந்தநாள், கடைசி ரவுண்டுல 65 ஆடினாரு. பதினேழாவது ஹோல்ல 3 எடுத்திருக்காரு, மார்க்கரா இருந்த டாமி ஆரன் 4ன்னு எழுதிட்டாரு, இவரு பாக்காம கையெழுத்து போட்டுட்டாரு. கூடுதலா எழுதினது எழுதினபடியே நிக்கும்ங்கறது ரூல், அதனால 65 ஆடினது 66 ஆச்சு, பாப் கோல்பி ஒரு ஸ்ட்ரோக்ல ஜெயிச்சாரு, பிளேஆஃபே இல்ல. பல லட்சம் பேர் டிவியில பாத்த பர்டி, கார்டுல இல்லேன்னா இல்ல. அந்த ரூல் இன்னிக்கும் அப்படியே இருக்கு: குறைவா எழுதினா வெளிய, கூடுதலா எழுதினா அதுதான் ஸ்கோர். தெரியாத தண்டத்துக்கு மட்டும்தான் மேல சொன்ன விதிவிலக்கு. எண்ணிக்கையை மறந்துட்டேன்னு சொன்னா அந்த விதிவிலக்கு காப்பாத்தாது, அதுல "தெரியாத தண்டம்"னுதான் இருக்கு, "மறந்துபோன ஷாட்"னு இல்ல. பந்துல படாம காத்துல வீசின ஷாட்டை எண்ணாம விடுறவங்க இதை ரெண்டு தடவை படிக்கவும்.

கூட்டல் தப்புக்கு பயப்பட வேண்டாம், மொத்தம் போடுறதும் ஹேண்டிகேப் (ஆடுறவர் திறமைக்கு ஏத்த ஸ்ட்ரோக் சலுகை) கழிக்கறதும் கமிட்டி வேலை. உங்க பொறுப்பு ஒவ்வொரு ஹோல்ல என்ன எண்ணிக்கைங்கறது மட்டும்தான், அதனால மார்க்கரோட உக்காந்து ஹோல் ஹோலா வாய்விட்டு படிச்சு சரிபாக்கறதுக்கு அஞ்சு நிமிஷம் ஒதுக்கினா போதும்.

கமிட்டின்னு லீக்ல யாரு? பெரும்பாலும் ஒரே ஒரு ஆளு, அவரும் அன்னிக்கு ஆடிட்டுதான் வந்திருப்பாரு, கையில ஒரு பொட்டலம் பக்கோடாவோட கார்டு வாங்கிட்டு இருப்பாரு. அவர் காதுல "நாலாவது ஹோல்ல அவர் டிராப் கொஞ்சம் இடிக்குது"ன்னு யாராவது போட்டா, அகஸ்டா கமிட்டி மாதிரி மனசுக்குள்ளயே தீர்ப்பு சொல்லிக்கக் கூடாது. சம்பந்தப்பட்டவர் கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி கூப்பிட்டு மூணே விஷயம் கேட்டா போதும்: பந்து எங்க எல்லையைத் தாண்டுச்சு, எந்த வழியை எடுத்தீங்க, டிராப் எங்க போட்டீங்க. பதில் வந்தப்புறம் கார்டுல 6 இருக்கணுமா 8 இருக்கணுமான்னு அங்கேயே எழுதிடலாம்.